காலக்கோடா, காலவரிசையா? மலை வரலாற்றுக்கு மென்பொருள் தேடும்போது

குழு நண்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன்.

கொடைக்கானல் ஆசிரியை தொடங்கிய இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். எட்டாம் வகுப்புக்கு வரலாற்று டைம்லைன் போட எந்த மென்பொருள் ஏற்றது, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். நாம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை மறந்தே போனோம். இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் தீர்வு வரும் என்பது என் எண்ணம். சொல்லைச் சரியாகப் பிரித்துக்கொண்டால், எந்த மென்பொருள் நம் வகுப்புக்கு ஆகாது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இழையில் வந்த சொற்களில் முதலில் ஒதுக்க வேண்டியவை. 'காலநிரல்' ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தின் அணிகள் பாடத்தில் கிடையாகப் போவது நிரை, செங்குத்தாக இறங்குவது நிரல். கணினிப் பாடத்திலோ நிரல் என்றால் புரோகிராம். வரலாற்று வகுப்பில் மூன்றாவதாக ஒரு நிரல் வேண்டாம். 'காலவரை' என்றதும் காலவரையற்ற வேலைநிறுத்தம்தான் நினைவுக்கு வரும். அது கெடுவைச் சொல்லும் சொல். 'நேரக்கோடு' என்பதை முழுக்கத் தள்ள மாட்டேன். காணொளி தொகுக்கும் மென்பொருளின் அடியில் நொடிக்கணக்கில் ஓடும் பட்டைக்கு அது பொருந்தும். சோழர் நேரம் என்று யாரும் சொல்வதில்லையே, அதனால் வரலாற்றுக்குக் காலம்தான்.

மீதி இருப்பவை காலக்கோடும் காலவரிசையும். "இரண்டும் ஒன்றுதான், எது பழகியதோ அது இருக்கட்டும்" என்று மதுரை நண்பர் எழுதியிருந்தார். இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. வரிசை என்றால் எது முன், எது பின் என்பது மட்டும்தான் தெரியும். ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. கோடு என்று வந்துவிட்டால் இடைவெளிக்கும் பொருள் உண்டு. பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் நூறு ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் விட்டே ஆக வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்று நம் நீலகிரியை வைத்தே சொல்கிறேன். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அஞ்சவைத்தான் என்று சொல்லும் சாம்ராஜ்நகர்க் கல்வெட்டு 1117ஆம் ஆண்டையது. 1603இல் சேசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோ மேற்குக் கரையிலிருந்து மலையேறி வந்து, தோடரையும் படகரையும் கண்டு எழுதிவைத்தார். 1799இல் திப்பு வீழ்ந்ததும் மலை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போகிறது. அப்புறம் மளமளவென்று வருகின்றன: 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு உதவி அதிகாரிகள், 1819இல் கோவை கலெக்டர் சல்லிவன், 1822இல் ஊட்டியின் கல் பங்களா, 1830இல் புனித ஸ்டீபன் தேவாலயம், 1868இல் கோவையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம், 1899இல் குன்னூர் வரை ரயில், 1908இல் அதே ரயில் ஊட்டிக்கு.

இந்தப் பத்தையும் காலவரிசையாக, அட்டை அட்டையாகப் போட்டால் எட்டு அட்டைகள் வெள்ளைக்காரர் காலம். ஐந்தாவது அட்டையிலேயே சல்லிவன் வந்துவிடுவார். அதைப் பார்க்கும் பிள்ளை, மலையின் கதை அவரோடுதான் தொடங்குகிறது என்று நினைத்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அதையே பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கோடாகப் போட்டுப் பாருங்கள். 1117க்கும் 1603க்கும் நடுவே ஏறக்குறைய அரை மீட்டர் வெற்றிடம். அங்கிருந்து 1799 வரை இன்னும் 19.6 சென்டிமீட்டர். பங்களா, தேவாலயம், ரயில் எல்லாம் சேர்ந்து 10.9 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், அரைச் சாண் அளவு. இத்தனை நீளமும் காலியாகக் கிடக்கிறதே, அப்போது இங்கே யார் இருந்தார்கள் என்று வகுப்பில் ஒரு கை உயரும். கன்னேரிமுக்கில் புதுப்பித்து வைத்திருக்கும் சல்லிவன் பங்களாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு முன் அந்தக் கேள்வி வந்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். வெற்றிடத்தில் இல்லாதது எழுத்துதான், மனிதர்கள் இருந்தார்கள் என்று அப்போதுதான் பேச முடியும்.

ஆகவே என் முன்மொழிவு: அளவுப்படி வரைந்தது காலக்கோடு. முன்பின் மட்டும் காட்டுவது காலவரிசை. இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்வோம், ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடாமல் இருப்போம்.

இனி மென்பொருளுக்கு இது எப்படி உரைகல் ஆகிறது என்று பார்க்கலாம். டைம்லைன் என்ற பெயரில் கிடைக்கும் இணையச் செயலிகளில் பல, அட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குபவை. அவை காலவரிசைச் செயலிகள். எதை எடுத்தாலும் 1117, 1603, 1799, 1818 என்ற நான்கு ஆண்டுகளை மட்டும் உள்ளிட்டுப் பாருங்கள். நான்கும் சம இடைவெளியில் வந்தால் அதை மூடிவிடலாம், எவ்வளவு அழகான வார்ப்புரு இருந்தாலும் சரி.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் தரும் டைம்லைன்ஜேஎஸ் இந்தச் சோதனையில் தேறுகிறது. மேலே அட்டை, கீழே அளவுப்படி ஓடும் கோடு. விவரங்களை கூகுள் ஷீட்டில் நிரப்பினால் போதும். மாதமும் தேதியும் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் கொடுக்கலாம். இலவசம்தான். இருபது அட்டைக்கு மேல் வேண்டாம் என்று செய்தவர்களே அறிவுரை சொல்கிறார்கள், அது வகுப்புக்கும் நல்ல அளவு. குறை என்னவென்றால் இணையம் வேண்டும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் திறமூல மென்பொருளையும் சேர்த்துச் சொல்கிறேன். அதன் பெயரே டைம்லைன், பைத்தான் மொழியில் எழுதியது. தோற்றம் எளிமையானதுதான், ஆனால் கோடு அளவுப்படி நிற்கிறது.

எக்செலில் போட்டுவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஒன்று கவனியுங்கள்: எக்செலின் நாட்காட்டி 1900 சனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை அது தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். மேலே சொன்ன பத்தில் ஒன்பது அதற்கு முந்தியவை. ஆண்டை வெறும் எண்ணாகக் கொடுத்துச் சமாளிக்கலாம். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் இந்தத் தடை கிடையாது.

அடுத்தது, யாரும் இதுவரை தொடாத ஒன்று: உறுதியில்லாத காலத்தை எப்படிக் காட்டுவது, அதற்கு என்ன சொல். படகர் மைசூர்ப் பக்கமிருந்து, 1565இல் விஜயநகரம் சரிந்தபின் வந்தார்கள் என்று நெடுநாளாக எழுதப்பட்டு வருகிறது. இந்த மண்ணின் ஆதிகுடிகள்தான் என்று சொல்வோரும் உண்டு. என் வகுப்பில் பாதிப் பேர் படகர் வீட்டுப் பிள்ளைகள். இங்கே ஒரு புள்ளியைக் குத்தி ஒரு ஆண்டை எழுதிவைக்க எனக்கு உரிமை இல்லை. ஃபெனிசியோ பார்த்திருப்பதால் 1603க்குள் அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பது மட்டும் உறுதி. இந்த 'க்குள்' என்ற உருபைப் பாருங்கள். '1603க்குள்', '1565க்குப் பின்', '1117இலேயே' என்று தமிழ் தானாகவே சொல்லிவிடுகிறது. இதற்கெல்லாம் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். டைம்லைன்ஜேஎஸ் ஷீட்டில், திரையில் தெரியவேண்டிய தேதிக்கென்று தனி நிரல் ஒன்று இருக்கிறது. ஆண்டு நிரலில் 1603, அதில் '1603க்குள்' என்று எழுதினால் முடிந்தது. சுமாரான ஆண்டுக்கு 'ஏறத்தாழ' போதும்.

நிறுவிக்கொள்ளும் டைம்லைன் மென்பொருளில் ஒரு நிகழ்வின் எல்லை திட்டவட்டமாகத் தெரியவில்லை என்று குறிக்கவே ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கு 'தெளிவிலா', 'மங்கல்' என்று தருக்கவியல் சொற்களை இழையில் சிலர் பரிந்துரைத்திருந்தார்கள். எனக்குப் 'புள்ளிக்கோடு' போதும் என்று படுகிறது. 1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி, வாரிங்டனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 2000 பேரின் வாழ்நாளைக் கோடுகளாக வரைந்து ஒரே தாளில் வெளியிட்டார். ஆக்சிஜன் ஆய்வுக்காக நாம் படிக்கும் அதே பிரீஸ்ட்லிதான். பிறப்போ இறப்போ உறுதியாகத் தெரியாதவர்களுக்குக் கோட்டின் நுனியில் புள்ளிகள் வைத்தார். உறுதியானது கோடு, உறுதியில்லாதது புள்ளிக்கோடு. கரும்பலகையில் சாக்பீஸால்கூட இதைச் செய்யலாம்.

ஒரே காலத்தில் பக்கம்பக்கமாக ஓடும் பட்டைகளுக்கு 'நிரை' என்று வைப்போம். கணக்குப் பாடத்தோடும் முரண்படாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், படகர் என்று நிரைகளைப் பிரித்தால் சல்லிவன் வருகை எல்லா நிரைகளையும் ஒரே செங்குத்தில் வெட்டுவது தெரியும். இன்னொரு நிரையும் வேண்டும் என்பேன்: இலங்கை மலையகம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதை வேறொரு மலையின் தேயிலைத் தோட்டத்தில் ஓடி, பாதியில் இந்த நிரைக்குத் தாவுகிறது. நிரைகள் இல்லாத மென்பொருளில் அந்தப் பிள்ளைகளுக்கு இடமே கிடைக்காது.

கோட்டில் சீரான இடைவெளியில் வரும் சிறு கோடுகளுக்கு 'அளவுக்குறி' என்ற சொல் சரியே. ஆனால் அது எப்போதும் பத்தாகவும் நூறாகவும்தான் இருக்க வேண்டுமா? நீலகிரி, பழனி என்ற நம் இரண்டு மலைகளுக்கும் பொதுவான குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது: 1970, 1982, 1994, 2006, 2018. ஐந்து பூப்புக்கு அறுபது ஆண்டு, அதாவது தமிழாண்டுச் சுற்று ஒன்று. 1958இலும் 2018இலும் பூத்தபோது இரண்டும் விளம்பி ஆண்டுதான். பாட்டியின் கல்யாணம் எந்தப் பூவுக்குப் பின் என்று கேட்டுவரச் சொன்னால் பிள்ளைகள் ஆண்டை ஓரளவு நெருங்கிவிடுவார்கள். நான் பார்த்த மென்பொருள்களில் அளவுக்குறியைப் பன்னிரண்டாக மாற்ற வழி தெரியவில்லை. குறிஞ்சிக்கென்று ஒரு நிரை ஒதுக்கி ஒவ்வொரு பூப்பையும் நிகழ்வாகப் போடலாம். கால்க்கில் என்றால் நேரடியாகவே முடியும்.

காலக்கோட்டுக்கு எதிராக வந்த ஒரே வலுவான வாதம், காலக்கெடுவோடு குழம்பும் என்பது. உண்மைதான், சிறிய எழுத்தில் கண் தவறும். ஆனால் காலக்கோடு வரைக என்று பாடநூலின் பயிற்சியிலேயே வருகிறது, பொதுத்தேர்விலும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். வாயில் ஏறிவிட்ட சொல்லை ஒரு கொம்புக்காக விட வேண்டியதில்லை. மென்பொருளைத் தமிழாக்கும்போது காலக்கெடு வரும் இடத்தில் 'கடைசி நாள்' என்று போட்டுவிட்டால் குழப்பம் தீரும்.

கோட்டைப் பெரிதாக்கும் பொத்தானுக்கு 'நெருங்கு', சிறிதாக்குவதற்கு 'விலகு' என்று வைக்கலாமா என்று எல்லோரும் சொல்லுங்கள். கி.மு., கி.பி.க்குப் பதில் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்), பொ.ஆ. (பொது ஆண்டு) என்று புதிய பாடநூல்கள் எழுதுவதையே பின்பற்றுவோம். டைம்லைன்ஜேஎஸ் ஷீட்டின் தலைப்புகளை மாற்றாமல், உள்ளே இந்தச் சொற்களை எழுதி, நீலகிரிக்கான நிரைகளோடு வார இறுதியில் குழுவில் பகிர்கிறேன். பழனி மலைக்கான நிரைகளைக் கொடைக்கானல் ஆசிரியை எழுதித் தர வேண்டும். 1845இல் அமெரிக்க மிஷன் வந்ததற்கு முன்பிருந்தே அந்தக் கோடு தொடங்கட்டும். பளியர், புலையர் ஊர்களில் என்ன கேட்க வேண்டும் என்பது அவர் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.