தலைகீழாகத் தொங்கவிட்ட தக்காளி: தண்டு முறியுது, பூ கொட்டுது. உதவி தேவை

வெள்ளவத்தை பல்கனி:
வணக்கம். மூன்றாம் மாடி, கடலைப் பாத்த மேற்குப் பல்கனி. இரண்டு 10 லீற்றர் வாளிகளின்ர அடியில 5 செ.மீ. ஓட்டை போட்டு, தக்காளி நாத்தைக் கீழ்ப்பக்கமா விட்டு ஆறு கிழமை. கலவை தோட்டத்து மண் பாதி, கொம்போஸ்ற் பாதி. தண்டு கீழ இறங்காமல் தூண்டில் முள் மாதிரி மேல வளைஞ்சு வாளியில முட்டுது. ஒண்டு ஓட்டை விளிம்பில முறிஞ்சிட்டுது. ஊத்துற தண்ணி உடன கீழால கொட்டுது. மற்றச் செடியில பூக்கள் காம்போட விழுது. வந்த ஒரே காயும் அடி கறுத்துப்போச்சு.

தெஹிவளை மொட்டைமாடி:
வளையிறது நோயில்லை. தண்டு எப்பவும் புவியீர்ப்புக்கு எதிர்ப்பக்கம்தான் போகும். காய்ப்பாரம் ஏறத் தானாத் தாழும். நிமிர்த்திக் கட்ட வேண்டாம்.

முறிஞ்சது வேற கதை. கடற்காத்து ஆட்ட ஆட்ட, வெட்டின பிளாஸ்ரிக் விளிம்பு தண்டை அறுக்குது. முறிஞ்ச இடத்தைப் பாருங்கோ, ஒரு பக்கம் மட்டும் தோல் உரிஞ்சு பழுப்பா இருக்கும். விளிம்பைச் சாண்ட்பேப்பரால தேய்ச்சு, பழைய தண்ணிக் குழாய்த் துண்டை நீளவாக்கில கீறி வளையமா மாட்டுங்கோ. உள்ளுக்கு 10 செ.மீ. ஸ்பொஞ்ச் வட்டம், ஓரத்திலயிருந்து நடுவரைக்கும் ஒரு கீறு. தண்டு அதுக்குள்ள நிக்கும், மண்ணும் கொட்டாது.

அடுத்த முறை நட்ட உடன தொங்கவிடாதேங்கோ. மூடியை இறுக்கி, ஓட்டை மேல பாக்க வாளியைக் கவிட்டு இரண்டு கிழமை வையுங்கோ. வேர் பிடிச்சாப் பிறகு திருப்பலாம்.

கொட்டாஞ்சேனை:
தம்பி, தோட்டத்து மண்தான் முதல் பிழை. எங்கட செம்மண் காய்ஞ்சா இறுகிச் சுருங்கி வாளிச் சுவரை விட்டு விலகும். அந்த இடைவெளியாலதான் தண்ணி ஓடுது, வேர் நனையிறதேயில்லை. வாடல் நோயும் மண்ணோடதான் வரும். கழுவின தும்புத்தூள் 4 பங்கு, கொம்போஸ்ற் 3, கரிச்ச உமி 1 போடுங்கோ. கழுவாத தும்பில உப்பு நிக்கும்.

காலை முக்கால் லீற்றர், பின்னேரம் முக்கால் லீற்றர், மெதுவா ஊத்துங்கோ. காயின்ர அடி கறுக்கிறது தண்ணி ஒருநாள் கூடி ஒருநாள் குறையிறதால. கல்சியம் காய்க்குப் போய்ச் சேராது. முட்டைக்கோது கரையக் கனகாலம், அதை நம்பியிருக்க வேண்டாம்.

கீழ வைக்கிற பேசினை ஒவ்வொரு நாளும் கவிட்டு ஊத்துங்கோ. டெங்கு நுளம்பு பெருக அந்தத் தேங்கின தண்ணியே போதும். கொளுக்கி கொங்கிறீற் தட்டில போல்ற் போட்டு நிக்கவேணும். நனைஞ்ச வாளி 10 கிலோவுக்கு மேல, உடுப்புக் காயப்போடுற கம்பி தாங்காது.

தெஹிவளை மொட்டைமாடி:
பூ கொட்டுறதுக்குப் பெரிய காரணம் இரவுச் சூடு. கொழும்பில இரவும் 22 பாகைக்குக் கீழ இறங்கிறது குறைவு. பெரிய காய் இனங்களில மகரந்தம் அந்தச் சூட்டில சரியா வேலை செய்யாது. செரி தக்காளி போடுங்கோ, அது கூடத் தாங்கும், பாரமும் குறைவு. யூரியா போடுறீங்களெண்டா நிப்பாட்டுங்கோ. காலை 9 மணிக்கும் 11க்கும் இடையில பூக்காம்பை விரலால மெதுவாச் சுண்டுங்கோ.

இன்னொண்டு: ஏப்ரல் முதற்பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் எங்களுக்கு நேர் மேல உச்சம் கொடுக்கும். அப்ப மத்தியான வெயில் வாளியின்ர தலையில, செடி அதின்ர நிழலில. பின்னேர வெயில் சரிஞ்சு விழுற வெளி விளிம்பில தொங்கவிடுங்கோ.

வெள்ளவத்தை பல்கனி:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. பூத்த செடியைப் புதுக் கலவைக்கு மாத்தலாமோ?

கொட்டாஞ்சேனை:
வேண்டாம், வேர் அறுந்தா மிச்சப் பூவும் போகும். நுனியில 15 செ.மீ. வெட்டி, கீழ் இலையைக் கிள்ளித் தண்ணியில வையுங்கோ. ஒரு கிழமை, பத்து நாளில வெள்ளை வேர் வரும். அதைப் புது வாளியில வையுங்கோ. முறிஞ்ச செடியின்ர நுனி இன்னும் வாடாமல் இருந்தா அதையும் இப்பவே தண்ணியில போடுங்கோ.