உளுந்துக்காரர்களுக்குக் கட்டடம் வேண்டாம், வேறு ஒன்று கொடுப்போம்

உறவுகளுக்கு வணக்கம்.

தை மாதம் இருபது நாள் ஊரில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் குவைத் திரும்பினேன். நம் பக்கத்து உளுந்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கலாம் என்று வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர் குழுவில் பேச்சு ஓடுகிறது. அதற்கு முன் ஊரில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கூடுதல் விலைக்காகத்தான் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அத்தையிடம் கேட்டால் முதலில் நிறுவனத்துத் தராசைச் சொன்னார். "கண்ணு முன்னாடி எடை ஓடுதுப்பா, அது போதும்." களத்துக்கு வரும் வியாபாரி சாக்குக்கு ஒரு கிலோ, தூசிக்கு ஒரு கிலோ என்று மூட்டைக்கு 2 கிலோ கழிப்பார், மாதிரி என்று அள்ளுவது தனி. அப்பா காலத்திலும் இதேதான். யாரும் ஏன் கேட்கவில்லை? ஐப்பசியில் விதைக்கும் உழவுக்கும் பணம் தந்தது அதே வியாபாரிதான். "கை நீட்டி வாங்கிட்டு, தராசைக் காட்டுன்னு எந்த வாயால கேக்கிறது?" என்றார் பெரியப்பா. இப்போது நிறுவனமே வம்பன் 8 விதையைத் தந்து, அறுவடையில் கழித்துக்கொள்கிறது. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் ரகம், ஏறக்குறைய எழுபது நாளில் கைக்கு வந்துவிடும். அந்தக் கடன் இல்லாததுதான் பெரியப்பாவைச் சேர வைத்தது.

அப்புறம், மூன்று மூட்டைக்காக விருதுநகர் மில்காரர் நம் ஊருக்கு வரமாட்டார். எல்லாருடையதையும் சலித்து ஒரு லோடு சேர்த்தால் பேசுவார். கூட்டுறவுச் சங்கம் மாதிரியே இதிலும் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்பதில் அத்தைக்குத் தனிப் பெருமை.

ஆனாலும் சேர்ந்தவர்களே பாதி மூட்டையை மறுபடி வியாபாரிக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. விசாரித்தால், காய் ஆய்ந்த கூலியை அன்று சாயங்காலமே கொடுத்தாக வேண்டும். 2025-26க்கு உளுந்துக்கு அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலை கிடைக்க வேண்டுமானால் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் காய வேண்டும், சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள் வேண்டும், பணமும் பிறகுதான் வங்கியில் ஏறும். வியாபாரி கையில் ரொக்கம் வைத்திருக்கிறார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால் என் வேண்டுகோள்: கட்டடப் பணத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றும் காயவைக்கத் தார்ப்பாய்களும் வாங்குவோம். மீதியைச் சுழல்நிதியாக வைப்போம். மூட்டை வந்த அன்றே மதிப்பில் பாதியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, விற்றதும் அதைத் திரும்ப நிதியில் சேர்க்கலாம். கணக்கை நிறுவனத்தின் நிர்வாகக் குழுவே பார்க்கட்டும், வருடம் ஒருமுறை நமக்குக் காட்டினால் சரி.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கட்டடத் தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன், ஊரில் உளுந்து போடும் உங்கள் வீட்டு ஆள் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
கீழத்தெருவிலிருந்து ஒருவன்