ஆறு வயதுப் பையனுக்கு முத்தடுப்பூசி விட்டுப்போனது: மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா?

குடியாத்தம் அம்மா:

என் மகனுக்கு ஆறு வயது நான்கு மாதம். வரும் ஜூனில் வேறு பள்ளிக்கு மாற்றுகிறோம், தடுப்பூசி அட்டையின் நகல் கேட்டார்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வயிறு கலங்கிவிட்டது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம் ஆகிய மூன்று கட்டங்களிலும் தேதி இருக்கிறது. ஒன்றரை வயதுக்கு மேல் போட வேண்டிய முத்தடுப்பூசிக் கட்டம் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி என்கிற டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்த ஊசி) காலி. அது 2021, கொரோனா இரண்டாம் அலை. தெருமுனைக்குக் கூடப் போகவில்லை. ஐந்து வயதுக் கட்டமும் காலி. அதற்குக் கொரோனாவைச் சொல்ல முடியாது, நான் மறந்துவிட்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு சட்டம். "மூன்று போட்டாயிற்றே, போதும்" என்கிறார் மாமியார். இத்தனை வருடம் இடைவெளி விட்டதால் கணக்கு செல்லாது, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறாள் காட்பாடியில் இருக்கும் நாத்தனார். மாமனார் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். "தொண்டை அடைப்பானா? அது மாட்டுக்கு வருவது. மழைக்கு முன்னால் மாட்டாஸ்பத்திரியில் போடுவார்களே, அந்த ஊசி பையனுக்கு எதற்கு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கணவர் பெங்களூரில் வேலை. "நீயே விசாரித்து முடிவு செய்" என்று போனில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஊசியின்போது தொடையில் கட்டி வந்து இரவெல்லாம் அழுதான். அந்தப் பயமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

என் அனுபவத்தைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சத்துவாச்சாரியில் நாற்பது வருடமாக இருக்கிறேன். இந்த நோய் வந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இல்லாத நோய்க்கு எதற்கு ஊசி? மிளகு ரசம், நல்ல தூக்கம், வெயிலில் விளையாட்டு இருந்தால் எதிர்ப்புச் சக்தி தானாக வரும். ஐஸ் பெட்டியில் ஊரூராகத் தூக்கிக்கொண்டு திரியும் மருந்து எந்த நிலையில் இருக்கிறதோ, யார் கண்டது?

மலை நர்சம்மா:

குடியாத்தம் அம்மாவுக்கு முதலில் சுருக்கமாக: முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போட்ட மூன்றும் கணக்கில் இருக்கின்றன. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், ஏழு வயதுக்குள் என்றால்தான் முத்தடுப்பூசி. ஏழு தாண்டினால் அதைப் போட மாட்டார்கள், பெரியவர்களுக்கான டிடி ஊசிக்கு மாற்றிவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். வரும் புதன்கிழமை அட்டையுடன் போங்கள். அதற்குப் பிறகு இன்னொன்று தேவையா, எப்போது என்பதை அட்டையைப் பார்த்து அவர்களே எழுதித் தருவார்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டிடி உண்டு.

மாமனாரைக் குறை சொல்லாதீர்கள். பெயரில் வந்த குழப்பம் அது. மாட்டுக்கு வருவதையும் தொண்டை அடைப்பான் என்றுதான் சொல்கிறோம், குழந்தைக்கு வரும் டிஃப்தீரியாவையும் அப்படியேதான் சொல்கிறோம். கிருமி வேறு, நோய் வேறு. மாட்டு ஊசி மாட்டுக்கு, முத்தடுப்பூசி பிள்ளைக்கு. முத்தடுப்பூசியில் இதோடு கக்குவான் இருமல், ரண ஜன்னி இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பு இருக்கிறது. கைக்குழந்தையில் போட்டது ஐந்து நோய்களுக்கான ஊசி. முத்தடுப்பூசி அதற்குள்ளேயே அடக்கம்.

மூன்று போட்டால் போதும் என்று உங்கள் மாமியார் மட்டும் சொல்லவில்லை, பாதி ஊர் அப்படித்தான் நினைக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நடக்கத் தொடங்கியதும் ஆள் வருவதில்லை. ஐந்து வயது ஊசிக்கு நான் வீட்டுவாசலில் போய் நின்றால், பையன் மாமரத்தில் ஏறிவிடுவான், அம்மா சிரிப்பாள். அந்த மூன்று ஊசியின் பலம் வருடம் போகப் போகக் குறையும். அதைத் தூக்கி நிறுத்தத்தான் பிந்தைய தவணைகள்.

இனி பாலாற்றங்கரை ஐயாவுக்கு. நீங்கள் பார்த்ததில்லை, சரி. நான் பார்த்திருக்கிறேன்.

1988. வட ஆற்காடு மாவட்டம் அப்போது பிரியவில்லை. எனக்கு அணைக்கட்டுப் பக்கம் வேலை. ஒடுகத்தூரிலிருந்து மேலே ஏறும் மலைக் கிராமங்களும் என் பொறுப்பில் இருந்தன, பாதை கிடையாது. ஒரு நாள் டோலி கட்டி ஒரு பெண்குழந்தையை இறக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு வயதிருக்கும். காய்ச்சல் பெரிதாக இல்லை, தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அதனாலேயே நான்கு நாள் சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடையும் தோளும் ஒன்றாகியிருந்தன. வாயைத் திறந்ததும் ஒரு நாற்றம், அது இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தடித்த ஒரு படலம், உள்நாக்கை மூடிப் பின்னால் இறங்கியிருந்தது. சளி என்று நினைத்து அவள் பாட்டி விரலில் துணி சுற்றித் துடைத்திருக்கிறாள்; துடைத்த இடத்தில் ரத்தம். அது சளி அல்ல. செத்த சதையும் கிருமியும் சேர்ந்து தொண்டையோடு ஒட்டிப் பிடித்த தோல். கிரேக்க மொழியில் திஃப்தெரா என்றாலே தோல்தான். அதைவைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு மருத்துவர் நோய்க்குப் பெயர் வைத்தார். அந்தத் தோல் மூச்சுக்குழாய்வரை இறங்கினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். அடைப்பான் என்று நம் ஆட்கள் சொன்னது சும்மா இல்லை.

வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் நஞ்சுமுறி மருந்தைக் கொடுத்தார்கள், பெனிசிலினும் போட்டார்கள். பெனிசிலின் கிருமியைக் கொல்லும். கிருமி ஏற்கெனவே கக்கிய நஞ்சை அது ஒன்றும் செய்யாது. நஞ்சுமுறி ரத்தத்தில் ஓடும் நஞ்சைப் பிடிக்கும். உறுப்புக்குள் புகுந்துவிட்டதைப் பிடிக்காது. அதனால்தான் சந்தேகம் வந்த உடனே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கொடுக்கிறார்கள். எங்கள் குழந்தைக்கு அது ஐந்தாம் நாள்.

தொண்டை தெளிந்தது. வீக்கம் வடிந்தது. எட்டாம் நாள் பார்க்கப் போனேன், பேச்சு மூக்கால் வந்தது. பால் கொடுத்தால் பாதி மூக்கு வழியாக வந்தது. மேலண்ணத்து நரம்பை நஞ்சு தொட்டுவிட்டது, போகப் போகச் சரியாகும் என்றார் மருத்துவர். சரியாகியிருக்கும். பன்னிரண்டாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அம்மா வாங்கி வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

மறுநாளே மேலே ஏறினோம். அந்த வீட்டார் எல்லோருக்கும் தொண்டையிலிருந்து பஞ்சில் மாதிரி எடுத்தோம், எரித்ரோமைசின் மாத்திரை கொடுத்தோம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி. அன்றைக்கு மாமரத்தில் ஒருவனும் ஏறவில்லை.

"இல்லாத நோய்" என்கிறீர்கள். ஊசி இருப்பதால் இல்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அந்த நாடுகளில் தடுப்பூசி வேலை தளர்ந்தது. 1990களில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தது, சுமார் ஐந்தாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரியவர்களும் ஏராளம். அவ்வளவு தூரம் போவானேன், படித்தவர்கள் நிறைந்த கேரளத்தில், மலப்புரத்தில் 2016இல் பிள்ளைகள் இறந்தார்கள். மிளகு ரசம் எனக்கும் பிடிக்கும், ஐயா. சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவேன்.

ஆம்பூர் தோல் ஷெட்:

நர்சம்மா, தோல் என்று நீங்கள் சொன்னதும் எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அது ஒரு குழந்தையின் தொண்டையில் என்று நினைக்கவே முடியவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. ஷெட்டில் கத்தி பட்டாலோ ஆணி குத்தினாலோ டிடி போட்டுக்கொண்டு வருவோம். நீங்கள் பத்து வயதில் போடுவதாகச் சொல்லும் டிடியும் அதுவும் ஒன்றா?

மலை நர்சம்மா:

நல்ல கேள்வி. தமிழில் எழுதினால் இரண்டும் டிடி ஆகிவிடுகின்றன, அதுதான் தொல்லை. பழைய டிடி வெறும் ரண ஜன்னிக்கு மட்டும். இப்போது அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கும் பத்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் போடுவது ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசி. பெரியவர்களுக்கு என்பதால் தொண்டை அடைப்பான் மருந்து அதில் குறைந்த அளவில் இருக்கும். அடுத்த முறை ஆணி குத்தினால், "இரண்டும் சேர்ந்ததா?" என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குத்து ஒன்றுதான், பலன் இரண்டு.

பாலாற்றங்கரை:

அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்தேன். என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐஸ் பெட்டிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மலை நர்சம்மா:

சொல்கிறேன், அது நியாயமான கேள்வி. வேலூர் வெயில் தெரிந்தவர் கேட்கத்தான் செய்வார். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். புட்டியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் நல்லது. வெப்பம் பட்டுப் பட்டு அது கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பைக்குத்தான். நீங்களே கேட்டுப் பார்க்கலாம், காட்டுவார்கள்.

எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். முத்தடுப்பூசிக்கு அதைவிடப் பெரிய எதிரி உறைபனி. உறைந்தால் மருந்து திரிந்துவிடும், அதை அந்தச் சதுரம் காட்டாது. தண்ணீர் அடைத்த ஐஸ் டப்பாக்களை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே பெட்டிக்குள் அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருப்போம். புதிதாக வந்த பெண்கள் அவசரப்படுவார்கள், நான் கையிலேயே தட்டுவேன். சந்தேகம் வந்தால் புட்டியைக் குலுக்கி வைத்துப் பார்ப்போம். திரிந்த மருந்து சீக்கிரம் அடியில் படியும், திப்பிதிப்பியாகத் தெரியும்.

குடியாத்தம் அம்மா:

நர்சம்மா எழுதியதை அன்று இரவே மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பால் மூக்கு வழியாக வந்த இடத்தில் "நிறுத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் தம்பிக்கும் அப்படித்தான் வந்தது" என்றார். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. தொண்டையில் சதை அடைத்துப் போய்விட்டான் என்று மட்டும் வீட்டில் சொல்லிக்கொள்வார்களாம். நோயின் பெயர் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை நான் போகவில்லை. அவரே பேரனைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அட்டையையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதிலும் ஐந்து வயதுக் கட்டம் காலியாம். மேல் கையில் போட்டார்கள். இரவு கொஞ்சம் சூடு அடித்தது, அவர்கள் கொடுத்த பாரசிட்டமால் கொடுத்தேன், காலையில் எழுந்து சைக்கிள் கேட்டான். ஊசி போட்ட இடம் சிவந்து கல்லுபோல் இருக்கிறது. எண்ணெய் தடவித் தேய்க்கலாமா என்று மாமியார் கேட்கச் சொன்னார்.

மலை நர்சம்மா:

தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டால் போதும், கட்டி சில நாளில் தானாகக் கரையும். காய்ச்சல், வீக்கம் இரண்டும் வழக்கமாக வருபவைதான், அடுத்த தவணையை நிறுத்த அவை காரணமல்ல. வலிப்பு வந்தாலோ, முகம் வீங்கி மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லவும் வேண்டும்.

அட்டையைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைக்காதீர்கள், பாச்சான் அரிக்கும். ரேஷன் கார்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். பத்து வயதில் மறுபடி கேட்பார்கள்.