‘வேடர்’ பறவைகளுக்குத் தமிழில் ஒரு கூட்டுப்பெயர்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பார்க்க வரும் மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டில், ஆங்கிலத்தில் ‘வேடர்’ (wader, அதாவது நீரில் நடப்பது) எனப்படும் பறவைக் கூட்டத்தை எச்சொல்லால் குறிப்பது என்று கேட்டிருந்தீர்கள். கரைப்பறவை, நீர்நடைப்பறவை, சேற்றுப்பறவை, சேற்றுக்கொத்தி ஆகிய நான்கும் இதுவரை பரிந்துரையாக வந்துள்ளன. ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்றும் ஒரு மடல் வந்தது. ‘ஐப்பசியில் வேடர்கள் கூட்டங்கூட்டமாகச் சதுப்புநிலத்துக்கு வருவர்’ என்று படிக்கும் பிள்ளை வனத்துறைக்குத் தகவல் சொல்ல ஓடும் என்பதால், அதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

சொல்லைத் தேடுமுன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் இங்கே ஆங்கிலமே இரண்டுபட்டு நிற்கிறது. பிரிட்டனில் அச்சொல் உள்ளான், உப்புக்கொத்தி, ஆட்காட்டி, மூக்கன் முதலியவற்றை மட்டுமே குறிக்கும். கொக்கும் நாரையும் அதில் சேரா. அமெரிக்கரோ உள்ளான் முதலியவற்றைக் கரையின் பெயரால் அழைத்துவிட்டு, ‘நீரில் நடக்கும் பறவைகள்’ என்ற பெயரைக் கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் ஆகியவற்றுக்குக் கொடுத்துவிட்டனர். நம் நாட்டுப் பறவை நோக்கர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றினாலும், இணையத்தில் தேடும் மாணவர் இரண்டையும் கலந்தே காண்பார். ‘நீர்நடைப்பறவை’ என்று நாம் மொழிபெயர்த்தால், அயலாரின் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆவோம். பள்ளிக்கரணையில் ஒரே நீர்ப்பரப்பில் நெடுங்கால் உள்ளானும் சின்னக் கொக்கும் அருகருகே நடக்கின்றன. நடையை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது.

‘கரைப்பறவை’ கடற்கரைக்குப் பொருந்தும். கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ நின்று அச்சொல்லைச் சொன்னால் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் உள்நாட்டில், குறிப்பாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில், கரை என்றால் ஏரிக்கரைதான்: மண்ணைக் கொட்டி உயர்த்தி, பனை நட்டு, மேலே வண்டிப்பாதை ஓடும் கரை. இப்பறவைகள் அங்கே இரை தேடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய நீர், தை மாதத்திலிருந்து சிறிது சிறிதாக உள்வாங்கும்போது, அது விட்டுச்செல்லும் ஈரச் சேற்று விளிம்பைப் பின்தொடர்ந்து அவை இறங்கிக்கொண்டே போகின்றன. அந்த விளிம்பு வாரத்துக்கு வாரம் இடம் மாறுவது, கரை மாறாதது. பழைய ஊர்வழக்கில் கழுவெளி எனப்பட்ட பள்ளிக்கரணைக்கோ, தொடக்கத்தில் இது கரை என்று சுட்டத்தக்க ஒன்று இருந்ததே இல்லை. மழைக்காலத்தில் விரிந்து, மிகுநீரை ஒக்கியம் மடுவு வழியாக வெளியேற்றி, கோடையில் சுருங்கும் தாழ்நிலம் அது. தவிரவும், பொறி உள்ளான் நெல்வயலில் மேய்கிறது. சிவப்புமூக்கு ஆட்காட்டி நீரைவிட்டு விலகிய தரிசில் வெறுந்தரையிலேயே முட்டையிடுகிறது.

இனிச் சேற்றுக்கொத்தி. வந்தவற்றுள் சொல்லமைப்பில் சிறந்தது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. மரங்கொத்தி, மீன்கொத்தி, உப்புக்கொத்தி என்று நம் மக்கள் பறவைக்குப் பெயரிடும் வழியிலேயே அது பிறந்திருக்கிறது. சேறு ‘சேற்று’ எனத் திரிவதும் இலக்கணத்துக்கு இயைந்ததே. சிக்கல் பறவைகளிடம்தான் இருக்கிறது. இக்கூட்டத்தின் சிறப்பே, எல்லாம் ஒரே முறையில் உண்ணாமல் இருப்பது. உள்ளான்களின் அலகு நுனியில் உணர்வு நரம்புகள் செறிந்திருப்பதால், அவை சேற்றுக்குள் அலகைச் செருகி, கண்ணால் காணாத புழுவைத் தொட்டே அறிகின்றன. கருவால் மூக்கன் தன் நீண்ட அலகு முழுவதும் சேற்றில் புதைந்திருக்கும்போதே அதன் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்ற வல்லது. உப்புக்கொத்திக்கும் ஆட்காட்டிக்கும் குட்டை அலகு, பெரிய கண். சில அடிகள் ஓடி, சட்டென்று நின்று, பார்த்து, கொத்தி, மறுபடியும் ஓடும். கோணமூக்கு உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகை நீரில் இடமும் வலமுமாக வீசி அரித்தெடுக்கிறது. நெடுங்கால் உள்ளான் தன் நீண்ட சிவந்த கால்களால் மற்றவை இறங்க முடியாத ஆழத்தில் நின்று, நீரின் மேல்மட்டத்துப் பூச்சிகளைப் பொறுக்குகிறது. கடலோரத்துக் கல்திருப்பியின் தொழிலை அதன் பெயரே சொல்லிவிடும். காலின் நீளமும் அலகின் நீளமும் வடிவும் இப்படி வேறுபடுவதால்தான் ஒரே சேற்றுப் பரப்பில் இத்தனை வகைப் பறவைகள் ஒன்றின் இரையை மற்றொன்று பறிக்காமல் பிழைக்கின்றன. மாணவருக்கு நாம் காட்ட வேண்டிய செய்தியே இதுதான். இவற்றுள் ஒரே ஓர் உண்ணும் முறையை எடுத்து முழுக் கூட்டத்துக்கும் பெயராக்கினால், பெயரே அச்செய்தியை மறைத்துவிடும். சேற்றுப்பறவைக்கும் இதே மறுப்புத்தான். சேற்றில் இறங்கும் வாத்தும் தாழைக்கோழியும் அதற்குள் வந்துவிடும் என்பது கூடுதல் குறை.

ஆகவே புதுச்சொல் ஆக்குவதை நிறுத்திவிட்டு, இருக்கும் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். கொசு உள்ளான், பொறி உள்ளான், பேதை உள்ளான், கல்திருப்பி உள்ளான், நெடுங்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான், மயில் உள்ளான். உயிரியலார் கணக்கில் இவை மூன்று தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் நெடுங்கால் உள்ளானும் கோணமூக்கு உள்ளானும் கொசு உள்ளானைவிட உப்புக்கொத்திக்கே நெருங்கிய உறவினர். அதாவது, உள்ளான் என்ற சொல் ஒரு குடும்பத்துக்குள் அடங்கி நில்லாமல், கூட்டத்தின் இரு கிளைகளிலும் ஏற்கெனவே கால் வைத்துவிட்டது. நாம் செய்யவேண்டியது அதற்கு முறையான இசைவு தருவதுதான். பிரிட்டிஷ் பொருளில் வரும் இக்கூட்டத்துக்கு ‘உள்ளான் வகைப் பறவைகள்’, சுருக்கமாக ‘உள்ளான் வகை’, என்பதே என் பரிந்துரை. இருக்கும் சொல்லை இப்படி விரிப்பது நமக்குப் புதிதன்று. ஊரைவிட்டு மக்கள் பெயர்ந்து செல்வதைக் குறித்துவந்த வலசை என்ற சொல்லைப் பறவைகளுக்கு விரித்துக்கொண்டோம். இன்று செய்தித்தாள் முதல் பாடநூல் வரை அது விளக்கமின்றி நடமாடுகிறது.

‘இனம்’ என்று எழுதாமல் ‘வகை’ என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. இனம் என்பதைத் தனித்தனிப் பறவையினத்துக்கும், குடும்பம், வரிசை ஆகியவற்றை வகைப்பாட்டின் மேற்படிகளுக்கும் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். இக்கூட்டமோ அப்படிகளில் எதற்கும் சரியாகப் பொருந்தாது: இவை இடம்பெறும் வரிசையிலேயே ஆலாக்களும் கடற்காகங்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றை இக்கூட்டத்தில் எவரும் சேர்ப்பதில்லை. வழக்கத்தால் அமைந்த ஒரு தொகுதிக்கு, இறுக்கமில்லாத ‘வகை’ என்ற சொல்லே போதும்.

அமெரிக்கப் பொருளுக்கும் ஒரு சொல் தேவைப்படும். அதற்குக் ‘கொக்குநாரை’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். செடிகொடி, ஆடுமாடு என்று இரண்டைச் சேர்த்துச் சொல்லி முழுத் தொகுதியையும் உணர்த்துவது தமிழின் இயல்பு. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் தலைவியின் களவு மணத்துக்கு ஒரே சாட்சியாக நிற்கும் குருகு, அதாவது கொக்கு, ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நிற்கிறது. அந்த நிற்றல்தான் கொக்கின் அடையாளம். உள்ளான் வகை நெடுநேரம் நில்லாது, நடந்து தேடும். மஞ்சள்மூக்கு நாரை வாயைத் திறந்து நீரைத் துழாவிக்கொண்டே நடப்பதால் இதை இலக்கணமாகக் கொள்ள இயலாது. ஆயினும் தொலைநோக்கி இல்லாத பிள்ளைக்கு, தொலைவில் தெரியும் பறவை எந்தக் கூட்டத்தது என்று முதல் ஊகம் செய்ய இது உதவும்.

அன்புடன்,
பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளும் ஓர் உறுப்பினர்

*

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் மடலைக் கருத்தூன்றிப் படித்தேன். வகுப்பறையிலிருந்து பார்க்கும் எனக்கு மூன்று தடைகள் தோன்றுகின்றன. ஆட்காட்டியை ஊரில் அறியாதவர் இல்லை. அதைப் போய் உள்ளான் வகை என்றால், என் மாணவரின் பாட்டனாரே ஒப்பமாட்டார். இரண்டாவதாக, இலைக்கோழியை எங்கே வைப்பது? நீளவால் இலைக்கோழி பள்ளிக்கரணையில் பிள்ளைகள் மிகவும் விரும்பிப் பார்க்கும் பறவை. பெயரில் கோழி இருப்பதால் தாழைக்கோழி, நாமக்கோழி ஆகியவற்றோடு அதைச் சேர்த்துவிடுவார்கள். மூன்றாவதாக, இரட்டைச் சொல்லால் தொகுதியைக் குறிப்பது இயல்பென்று தாங்களே கூறியிருக்க, உள்ளான், உப்புக்கொத்தி என்ற இரு கிளைகளையும் இணைத்து ‘உள்ளான்கொத்தி’ என்று ஏன் ஆக்கக்கூடாது? தொட்டறிந்து உண்பதும் பார்த்துக் கொத்துவதும் அதில் ஒருங்கே வந்துவிடுமே.

இவண்,
ஓர் அறிவியல் ஆசிரியை

*

அன்புள்ள அம்மையீர்,

தங்கள் மூன்றாவது கருத்து என்னையும் ஈர்த்தது. அச்சொல்லை எழுதிப் பார்த்த பிறகே கைவிட்டேன். மரங்கொத்தி மரத்தைக் கொத்துவது, மீன்கொத்தி மீனைக் கொத்துவது. அந்தத் தடத்தில் பழகிய காது ‘உள்ளான்கொத்தி’யை உள்ளானைக் கொத்தித் தின்னும் ஏதோ ஒரு வல்லூறு என்றே கொள்ளும். மாற்றிப்போட்டுக் ‘கொத்தியுள்ளான்’ என்றால், அது உள்ளான்களில் இன்னுமோர் இனத்தின் பெயராகிவிடும். கொக்குநாரையில் இந்த இடர் இல்லை.

ஆட்காட்டியைப் பொறுத்தவரை அதன் பெயரை எவரும் மாற்றப்போவதில்லை. புலியைப் பூனைக் குடும்பம் என்று பாடநூல் சொல்வதால் புலிக்குப் பெயர் குறைந்துவிடவில்லை. அதைக் கேட்டுப் பாட்டனார் முதலில் சிரித்தாலும், பேரன் சொல்லும் காரணத்தை ஏற்றுக்கொள்வார். உண்மையில் எனக்குக் கவலை தருவது ஆட்காட்டியன்று, குதிரைமலைக் கோட்டான்தான். கோட்டான் என்றால் ஆந்தை என்றே பெரும்பாலோர் அறிந்திருக்க, வளைந்த நீண்ட அலகுடைய ஒரு சேற்றுப் பறவைக்கும் அப்பெயர் எப்படியோ வந்து ஒட்டியிருக்கிறது. கையேட்டில் அதன் படத்துக்குக் கீழே ‘உள்ளான் வகை’ என்று அச்சிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மூக்கனுக்கும் இது பொருந்தும். அரிவாள்மூக்கன் கொக்குநாரையில் அடங்க, கருவால் மூக்கன் உள்ளான் வகையில் அடங்குவதை அட்டவணையே காட்டிவிடும்.

இலைக்கோழி பற்றிய தங்கள் கேள்விக்கு விடை என் பரிந்துரைக்கே துணையாக அமைகிறது. பெயரில் கோழி இருந்தாலும் அது தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் உறவன்று. மயில் உள்ளானுக்கே மிக நெருங்கியது. நீண்ட விரல்களைப் பரப்பி மிதக்கும் இலைமேல் நடப்பதால் சேற்றில் கால் வைக்க அதற்குப் பெரும்பாலும் தேவை நேர்வதில்லை. சேற்றுப்பறவை என்றோ சேற்றுக்கொத்தி என்றோ பெயர் சூட்டியிருந்தால், அதைத் தொகுதிக்கு வெளியே நிறுத்தியிருப்போம். உள்ளான் வகை என்றால் தடையின்றி உள்ளே வருகிறது.

ஒன்றை மட்டும் தாங்கள் சொல்லாமலே ஏற்கிறேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு உள்ளான் என்ற சொல்லே புதிதாக இருக்கும். ஆனால் மேற்சொன்ன நான்கு பரிந்துரைகளும் அவர்களுக்குப் புதியவைதாம். புதிதாக ஒன்றைக் கற்பிக்கத்தான் வேண்டுமென்றால், அதைக் கற்ற பிள்ளைக்கு ஏழெட்டுப் பறவைகளின் பெயரில் பாதி உடனே விளங்கிவிடும் சொல்லையே கற்பிக்கலாம். எழுதும்போது உள்ளான், உள்ளான்கள் என அஃறிணை முடிபே வரட்டும். ஆன் விகுதியைக் கண்டு ‘உள்ளான் வந்தான்’ என்று எழுதிவிடும் பிழை சில குறிப்புகளில் தென்படுகிறது.

மறுப்பு வேறில்லையெனில், கையேட்டுக்குப் பின்வரும் பதிவை முன்வைக்கிறேன். சொல்நடையைத் தாங்கள் வகுப்பில் படித்துக்காட்டித் திருத்தித் தந்தால் நலம்.

உள்ளான் வகை: ஆழம் குறைந்த நீரிலும், நீர் வற்றிய சேற்றிலும், வயலிலும் தரிசிலும் நடந்து இரை தேடும் சிறியவையும் நடுத்தரமானவையுமான பறவைகளின் தொகுதி. உள்ளான், உப்புக்கொத்தி, ஆட்காட்டி, மூக்கன், பச்சைக்காலி, பவளக்காலி, இலைக்கோழி முதலியவை இதில் அடங்கும். கொக்குநாரை, ஆலா, கடற்காகம், தாழைக்கோழி, நாமக்கோழி ஆகியவை அடங்கா. உள்ளான் வகையில் பல, வடபுலத்தில் இனப்பெருக்கம் முடித்து, ஆவணி, புரட்டாசி முதல் இங்கு வலசை வந்து பங்குனி, சித்திரையில் திரும்புபவை. நெடுங்கால் உள்ளான், சிவப்புமூக்கு ஆட்காட்டி போன்ற சில இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை.