வந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, கூடாதா?

மாம்பலம்வாசி:
"ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளிக்காரருக்கு இந்தியா தருவது) இருந்தால் சென்னையில் 181 நாள் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கலாம், இங்கே ஒரு பைசா வரி கிடையாது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இதே பேச்சை நம்பித்தான் என் தம்பி மாட்டிக்கொண்டான். 2024 அக்டோபர் 1 இரவு 11.50க்கு விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியது. வரிசையில் நின்று பாஸ்போர்ட்டில் முத்திரை விழும்போது மணி 12.40, அதாவது 2ஆம் தேதி. மார்ச் 31 வரை இங்கேயே இருந்தான். 1ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 182, 2ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 181. 182 தொட்டால் வரிக்கணக்கில் அவன் ரெசிடென்ட், அதாவது இங்கே வசிப்பவன். இப்போது வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது.

வேளச்சேரி_வெங்கட்:
எழுதியது நான்தான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். வந்த நாள் கணக்கில் வராது. 2009ல் பெங்களூர் வருமான வரித் தீர்ப்பாயமே அப்படிச் சொல்லிவிட்டது. உங்கள் தம்பி உருப்படியான ஆடிட்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

மாம்பலம்வாசி:
அதற்கு முன்னால் வந்த நாளையும் போன நாளையும் சேர்த்து எண்ணிய தீர்ப்பும் இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? எங்கள் ஆடிட்டருக்கு முப்பது வருட அனுபவம். அவரைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

தரமணி_மீனா:
182 என்பது ரெசிடென்டா இல்லையா என்று பார்க்கத்தான் சார். இங்கே உட்கார்ந்து பார்த்த வேலைக்கான சம்பளம் முதல் நாளிலிருந்தே இந்திய வருமானம், பணம் எந்த ஊர் வங்கியில் விழுந்தாலும் சரி. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 16வது பிரிவில் 183 நாள் வரை விலக்கு உண்டு. ஆனால் கம்பெனி இந்தியக் கம்பெனியாக இருக்கக் கூடாது, அதன் இந்தியக் கிளை அந்தச் சம்பளத்தை ஏற்கவும் கூடாது. அப்புறம், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, முந்தைய நான்கு வருடத்தில் 365 நாள் இங்கே இருந்திருந்தால், வந்துபோகிற இந்திய வம்சாவளிக்காரர் ரெசிடென்ட் ஆக 120 நாளே போதும். தம்பிக்கு அது பொருந்தினால் இந்த ஒரு நாள் சண்டையே வீண்.

வேளச்சேரி_வெங்கட்:
பாடம் வேண்டாம் மேடம். வந்த நாள் சேருமா, சேராதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அடையாறு_ரவி:
எங்களைப் போல இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விதியே வேறு என்று கேள்விப்பட்டேன்.

தரமணி_மீனா:
இந்தியாவில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது ரவி சார். ஓசிஐக்கு ஓட்டுரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. நீங்கள் சட்டப்படி அமெரிக்கக் குடிமகன். எங்கே இருந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே ஜனவரி முதல் டிசம்பர், இங்கே ஏப்ரல் முதல் மார்ச். இரண்டு பக்கமும் கட்டிய வரியைக் கழிப்பதற்குள் உயிர் போய்விடும்.

அடையாறு_ரவி:
மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனை வெளிநாட்டுக்காரன் என்கிறீர்களா? அப்பாவின் திதிக்கு வருடம் தவறாமல் வருகிறேன். இங்கேயே இருப்பவர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

மாம்பலம்வாசி:
ரவி, அதை விடுங்கள். செங்கல்பட்டில் விவசாய நிலம் வாங்கலாம், ஒன்றும் ஆகாது என்று பொங்கல் சமயத்தில் இங்கே அடித்துச் சொன்னது இதே வெங்கட்தான். முன்பணம் கொடுத்துவிட்டு நாங்கள் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும்.

வேளச்சேரி_வெங்கட்:
வீட்டு மனை என்றுதான் சொன்னேன். படிக்கத் தெரியாதது என் குற்றமா? பேச்சை மாற்றாதீர்கள். வந்த நாள் சேராது. நள்ளிரவு தாண்டி முத்திரை விழுந்தாலும் சேராது, பகலில் விழுந்தாலும் சேராது. நான் 2011லிருந்து வருடா வருடம் வந்து போகிறேன், ஒரு நோட்டீஸ் வந்ததில்லை.

தரமணி_மீனா:
நோட்டீஸ் வரவில்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமா? அந்த நாட்களில் இங்கிருந்து பார்த்த வேலையின் சம்பளத்தை இந்தியாவில் காட்டினீர்களா?

வேளச்சேரி_வெங்கட்:
அது என் சொந்த விஷயம். வந்த நாள் சேராது.

மாம்பலம்வாசி:
பாஸ்போர்ட் என் முன்னால் இருக்கிறது. முத்திரையில் மை கலைந்து 1ஆ 2ஆ என்றே தெரியவில்லை. விமான நிறுவனம் அனுப்பிய சீட்டில் தெளிவாக 1 என்று இருக்கிறது. தரையைத் தொட்டது என்றைக்கோ அன்றைக்குத்தான் வந்தான், சேரும்!

வேளச்சேரி_வெங்கட்:
சேராது.