கேம் மாஸ்டர்: ‘கட்டியங்காரர்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம். அதன் 2024ஆம் ஆண்டு விதிநூல்களை வைத்து வேலூரில் எங்கள் குழுவுக்கு ஆட்டம் நடத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆட்டத்தை நடத்தி, மற்றவர்கள் ஏற்காத பாத்திரங்களுக்கெல்லாம் பேசுபவரான ‘கேம் மாஸ்டர்’ என்பவரைத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுமத்தில் நடக்கும் விவாதத்தில், அந்தப் பணி புதிய பதிப்பில் என்னவாக இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் சொல்லைத் தேர்வது எளிதாகும் என்று நினைக்கிறேன். அடிப்படை விதிகள் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்துவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் தமிழாக்கம் செய்யலாம். பக்கத்துக்குப் பக்கம் வரப்போகும் சொல் இது. ஆளுக்கொன்றாகப் புழங்கத் தொடங்கும் முன் முடிவு செய்துவிடுவது நல்லது.

சண்டை விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதங்களுக்கு எட்டு வகைத் தனித்திறன்கள் தரப்பட்டுள்ளன. கழியால் அடிபட்டவர் தாக்குப்பிடிக்கத் தவறினால் தரையில் விழுவார். பெருங்கோடரியின் வீச்சு பக்கத்தில் நிற்பவரையும் தாக்கலாம். வீரன் பாத்திரம் எடுப்பவர்களுக்கு இது பெரும் மகிழ்ச்சி. ஆனால் சில ஆயுதங்களில் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக ஒருமுறை பகடை உருட்ட வேண்டியிருப்பதால் சண்டை முன்பைவிட நீள்கிறது.

என்னை அதிகம் கவர்ந்தது பேச்சுக்கான விதிதான். ஆடுபவர் ஒரு காவலனிடம் கதவைத் திறக்கும்படி கேட்கிறார் என்று கொள்வோம். அந்தக் காவலன் இணங்குகிறானா, மறுக்கிறானா, தயங்குகிறானா என்பதை நடத்துபவர் முதலில் தீர்மானிக்க வேண்டும். இணங்கினாலும் மறுத்தாலும் பகடைக்கு வேலையில்லை. தயங்கினால் மட்டுமே பகடை உருட்டப்படும்; தேவையான எண் 15 அல்லது எதிரிலிருப்பவரின் அறிவு மதிப்பு (அவரது அறிவுத்திறனைக் குறிக்கும் எண்), இவற்றில் எது அதிகமோ அது. முன்பு நல்ல எண் விழுந்தால் எந்த அரசனும் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவான் என்று புதியவர்கள் எண்ணிக்கொள்வார்கள். இப்போது நடத்துபவர் அந்த அரசனாகவே ஒரு கணம் இருந்து, அவன் மனத்தை அறிந்த பிறகே பகடையைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த அடிப்படையில்தான் ‘நடுவர்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நடுவர் ஆட்டத்துக்கு வெளியே நிற்பவர். இவரோ காவலனாகவும் கிழவியாகவும் வேதாளமாகவும் உள்ளே நின்று பேசுபவர். ‘ஆட்டத் தலைவர்’ என்பதும் பொருந்தாது. ஆட்டத்தில் படிப்படியாக வளர்ந்து ஐந்தாம் நிலையை எட்டிய பாத்திரங்கள் தமக்கென ஓர் இருப்பிடத்தை அமைத்து, அதை ஆடுபவர்களே நிர்வகிக்கும் விதி இப்பதிப்பில் வந்திருக்கிறது; அங்கே தலைமை ஆடுபவர்களிடம்தான். (அந்த இருப்பிடத்துக்குக் ‘கொத்தளம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேலூர்க் கோட்டையை நாள்தோறும் பார்க்கும் எங்களுக்கு அச்சொல் மதில் உறுப்பை மட்டுமே நினைவூட்டும். நூலகமும் பட்டறையும் தோட்டமும் அமையக்கூடிய இடத்துக்கு ‘அரணகம்’ பொருத்தமாகப் படுகிறது.) ‘நடத்துநர்’ என்றால் பேருந்துதான் நினைவுக்கு வரும். ‘கதைசொல்லி’ அழகான சொல்தான், ஆனால் இந்த ஆட்டத்தில் கதையை எல்லோரும் சேர்ந்தே சொல்கிறார்கள்.

ஆகவே, ‘கட்டியங்காரர்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஆரணி, செய்யாறு, போளூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் வேடத்திடம் யார், எந்த நாடு, வந்த காரணம் என்ன என்று கேட்டு, விடையை அந்த வேடத்தின் வாயிலிருந்தே வரவழைப்பவர் கட்டியங்காரர். வாயிற்காப்போன், தூதன், வழிப்போக்கன் எனத் தேவைப்படும் சிறு வேடங்களை அவரே ஏற்கிறார். அவைக்குக் கதையின் போக்கை எடுத்துரைக்கிறார். ஆனால் அர்ச்சுனனும் துரியோதனனும் வேறு கலைஞர்கள். கேம் மாஸ்டரின் வேலைப் பங்கீடும் ஏறத்தாழ இதுதான்.

கட்டியங்காரர் கோமாளித்தனமும் செய்வாரே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். சிரிக்கவைப்பதும் அப்பணியின் ஒரு பகுதிதான். அதனால் மதிப்புக் குறைவதாக நான் கருதவில்லை. எந்த வேடம் எப்போது வரும், யாரிடம் என்ன கேட்டால் கதை நகரும் என்று தெரியாதவர் அந்த இடத்தில் இரவு முழுக்க நிற்க முடியாது. சொல் நீளம் என்பது நியாயமான குறைதான். விதி வாக்கியங்களில் ‘கட்டியர்’ என்று சுருக்கலாம். ஆண், பெண் இருபாலருக்கும் அது பொருந்தும். “காவலன் தயங்குகிறானா என்பதைக் கட்டியர் முடிவு செய்வார்” என்று எழுதிப் பார்த்தேன், தடையின்றி வாசிக்க முடிகிறது. மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ளவர்கள் தங்கள் பகுதியிலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்களில் இதைப் பொருத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதினால், அடுத்த மடலில் அவற்றை எடுத்துக்கொண்டு பேசலாம்.