பன்றி யாருடையதோ, நிவாரணமும் அவருக்கு மட்டுமா?

சோளக்கொல்லை:
2020 கொரோனா நிவாரணத்தால அமெரிக்க விவசாயி பொழைச்சான்னு போன வாரம் கணக்குப்பிள்ளை எழுதினதைப் படிச்சு வயித்தெரிச்சல். நான் இருக்கறது அயோவாவோட வடமேற்கு மூலை. இங்க மனுஷனைவிடப் பன்றி பல மடங்கு. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ரெண்டு கொட்டகை. கொட்டகை, கரண்ட் பில், பேங்க் கடன் எல்லாம் அவரோடது. பன்றி மட்டும் கம்பெனியோடது, இவர் ஒப்பந்தத்துல வளர்த்துக் குடுக்கறவர். அந்த ஏப்ரல்ல சூ ஃபால்ஸ், வாட்டர்லூன்னு இறைச்சி ஆலைங்க வரிசையா மூடினப்ப, வளர்ந்த பன்றியை ஏத்த லாரி வரல. சூடு கூடினா பன்றி தீனி எடுக்காது, எடை ஏறாது. லாரி வர்றவரைக்கும் இன்னும் பெருத்துடக் கூடாதுன்னு ஹீட்டரைக் கூட்டி வெச்சிருந்தார். உள்ள கால் வெச்சா மூச்சு முட்டும். மே 26 நிவாரணத்துக்கு விண்ணப்பம் ஆரம்பிச்சதும் கேட்டுப் பார்த்தார். "பன்றி உங்க பேர்ல இல்லையே"ன்னுட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, விதியே அதுதானே? விலை விழுந்தா நஷ்டம் பன்றிக்குச் சொந்தக்காரனுக்கு. அதான் கையிருப்புப் பன்றிக்குத் தலைக்கு 17 டாலர். நேரடிப் பணம் மட்டும் 1,600 கோடி டாலர். ஒவ்வொருத்தர் நஷ்டத்தையும் உட்கார்ந்து அளந்திருந்தா செக் வர 2021 ஆயிருக்கும்.

சோளக்கொல்லை:
அளக்க நேரமில்ல, சரி. மூணு பங்குதாரர் தலைக்கு 400 மணி நேரம் வேலை பார்த்ததா காட்டினா ஒரு கம்பெனி 2.5 லட்சத்துக்குப் பதிலா 7.5 லட்சம் டாலர் வரை வாங்கலாம்னு விதி எழுத மட்டும் நேரம் இருந்துச்சா தம்பி?

அயோவா அக்கா:
நடுவுல வர்றேன், கோவிச்சுக்காதீங்க. என் மாமனார் வீடு சோளம் போடற வீடு. ஊரே வண்டி எடுக்காம உட்கார்ந்ததுல, சோளத்துல செஞ்சு பெட்ரோல்ல கலக்கற எத்தனால் ஆலைங்க நின்னு போச்சு, சோளம் விலை படுத்துது. அது நிஜம். ஆனா செப்டம்பர்ல அறிவிச்ச ரெண்டாவது சுற்றுல ஏக்கருக்குக் குறைஞ்சது 15 டாலர் வந்துச்சு. ஜனவரியில சந்தையில சோளம் புஷல் (சுமார் 25 கிலோ) 5 டாலரைத் தாண்டிடுச்சு! வந்த காசைத் திருப்பியா குடுப்போம்? கம்பைன், அதான் அறுவடை மெஷின், அதோட ரிப்பேருக்குப் போட்டோம். மாமனார்தான் சாப்பிடும்போது முணுமுணுத்தார், "இது எதுக்கு வந்த காசுன்னே தெரியல"ன்னு.

கணக்குப்பிள்ளை:
ஜனவரி விலை செப்டம்பர்ல யாருக்கக்கா தெரியும்? பெரிய பண்ணை விஷயம் உறுத்துது, ஒத்துக்கறேன். ஆனா 10,000 பன்றி வெச்சிருந்தவன் இழந்ததும் அந்த அளவுக்குத்தானே? ஒப்பந்தத்துல வளர்க்கறவங்களையும் ஒரேயடியா விடல. 2021 ஆகஸ்ட்ல தனியா 100 கோடி டாலர் வரை ஒதுக்கி, 2020ல குறைஞ்ச வருமானத்துல 80 சதவீதம் வரைக்கும் தர்றதா அறிவிச்சாங்க. அதை ஏன் சொல்லல?

சோளக்கொல்லை:
சொல்லாதது என் தப்புதான். ஆனா தேதியை நீங்களே பாருங்க. பன்றி வெச்சிருந்தவன் 2020 கோடையிலேயே வாங்கிட்டான்.

அயோவா அக்கா:
உங்க பெரியவர் அதுக்கு விண்ணப்பம் போட்டாரா?

சோளக்கொல்லை:
போட்டாரு அக்கா. பழைய வருஷத்து ரசீதைத் தேடி, அவர் வீட்டம்மா சமையல் மேடை முழுக்கக் காகிதம் பரப்பி வெச்சிருந்தாங்க. நான்தான் கால்குலேட்டர் தட்டினேன். பணமும் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு கொட்டகையை வித்துட்டாரு.

கணக்குப்பிள்ளை:
வாங்கினது யாரு, அந்தக் கம்பெனியா?

சோளக்கொல்லை:
இல்ல, இன்னொரு ஒப்பந்தக்காரர். பன்றி இப்பவும் கம்பெனியோடதுதான்.